ஆறாம் கட்டில்

பயப்படுவதுதான் என் வேலை. என் பயம் அல்ல, அடுத்தவர்களுடையது. அதற்காக ஒரு பல்கலைக்கழகம் எனக்கு ஒரு கட்டில், உணவுச்சாலை அட்டை, விசா மூன்றையும் கொடுத்திருந்தது.

நவம்பரிலேயே ஆறு உறைந்துவிடும் வடகிழக்குச் சீன ஊர் அது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மருத்துவம் படிக்க அங்கே போனேன். மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் இரண்டு முறை தவறினேன். நான்காம் ஆண்டு நடுவில் பெயரை நீக்கிவிட்டார்கள். என்னோடு தவறிய மற்ற இரண்டு தமிழ்ப் பையன்கள் அந்த வாரமே விமானம் ஏறினார்கள். நான் ஏறவில்லை.

அந்த மாதம்தான் கோங்தான் வந்தது. கோங் என்றால் சீனத்தில் சேர்ந்து. தான் என்றால் தோளில் தண்டு வைத்து இரண்டு முனையிலும் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமப்பது, காவடி போல. தமிழ்க்காரன் காதுக்கு அந்தத் 'தான்' வேறு மாதிரிக் கேட்கும். ஆறு பேருடைய 'தான்'களை ஒரே கயிற்றில் கட்டியது என்று நான் வைத்துக்கொண்டேன். அது தவறான மொழிபெயர்ப்பு. ஆனால் சரியான விளக்கம்.

அதற்கு முந்தைய வருடம் அந்த வளாகத்தில் பதினோரு மாணவர்கள் படிப்பை விட்டுப் போனார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. பரீட்சை, அதற்கு மேல் ஒரு பரீட்சை, அதைத் தாண்டினால் வேலைக்கு ஒரு பரீட்சை. நூலகத்தில் நாற்காலி பிடிக்கக் காலை ஆறு மணிக்கு வரிசை. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்துவிட்டால் தூக்கம் வராது. இதற்கெல்லாம் மருந்தாகத்தான் கோங்தான்.

எனக்கு வில்லையை ஒட்டிவிட்ட பொறியாளனுக்கு என் வயதுதான் இருக்கும். காதுக்குப் பின்னால், எலும்பின் மேல், பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு வில்லை.

"அறைக்கு அஞ்சு மாணவர்கள். ஒருத்தனுக்குப் பதற்றம் ஏறினா வில்லை படிச்சிடும். அவனுக்கு இறக்கிவிடும், மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் ஏத்திவிடும். யாரும் தனியா முழுசாச் சுமக்க வேண்டாம்" என்றான்.

"அப்ப நான் எதுக்கு?"

"அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல பரீட்சை வந்தா? யார் தலையில ஏத்துறது? அதனால அறைக்கு ஒரு காலி ஆள் வேணும். எதைப் பத்தியும் கவலைப்படாத ஆள்."

சோதனை எளிமையானது. என்னை நீக்கிய கடிதத்தை என் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தான். திரையில் கோடு அசையவில்லை. இரண்டாம் முறை இன்னும் சத்தமாகப் படித்தான். அசையவில்லை.

"கல்லுடா நீ!" என்றான். நாலு வருடத்தில் அந்த வளாகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

"என்னோடதும் அவங்களுக்குப் போகுமா?"

அவன் கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சிரித்தான். "போறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?"

*

அறை எண் 417. சீனத்தில் விடுதி அறைவாசிகள் ஒருவரையொருவர் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயதுப்படி மூத்தவன், இரண்டாமவன் என்று போகும். வயதில் நான்தான் மூத்தவன். ஆனால் கடைசியாக வந்ததால் ஆறாமவன், லாவ்-லியூ. அந்தச் சொல்லைக் கேட்ட முதல் நாளே லேய் விழுந்து விழுந்து சிரித்தான். லேய் மூன்றாம் கட்டில். சாப்பிடும்போதும் வீடியோ கேம் ஆடுகிறவன்.

"உனக்கு அர்த்தம் தெரியுமா? கேம்ல லாவ்-லியூன்னா, நம்ம அணியிலேயே இருந்துக்கிட்டு மூலையில ஒளிஞ்சு நின்னு சுடுறவன்."

"நான் சுட மாட்டேன்" என்றேன்.

"எல்லா லாவ்-லியூவும் அதைத்தான் சொல்வான்."

முதல் கட்டில் குவோ. அறையின் மனநலப் பொறுப்பாளன். சீனக் கல்லூரிகளில் வகுப்புக்கு ஒரு விளையாட்டுப் பொறுப்பாளன் இருப்பது போல மனநலத்துக்கும் ஒருவன் உண்டு. யார் சாப்பிடவில்லை, யார் தூங்கவில்லை, யார் பேச்சைக் குறைத்துவிட்டான் என்று வாராவாரம் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். கோங்தான் வந்த பிறகு அது அறைக்கு ஒருவன் ஆயிற்று. குவோவுக்கு அந்தப் பொறுப்பு பிடிக்காது. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி கூடுதலாக எழுதலாம். இரண்டு பேர் எப்போதும் நூலகத்தில். அவர்கள் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அவர்கள் பயம் நினைவிருக்கிறது.

ஐந்தாம் கட்டில் வென்போ. எனக்குக் கீழ்க்கட்டில். ஷான்தோங் மாகாணத்தில் அவன் பெற்றோர் பிளாஸ்டிக் கொட்டகைகளில் வெள்ளரி வளர்த்தார்கள். அவன் மண் அறிவியல் படித்தான். டிசம்பர் கடைசியில் முதுகலை நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் பெய்ஜிங். தேறாவிட்டால் வெள்ளரி.

நான் இரவில் வளாகத்தின் பார்சல் கூடத்தில் பெட்டி பிரிக்கும் வேலை செய்தேன். அதையும் அவர்கள்தான் ஏற்பாடு செய்தார்கள். பகலில் மாணவர்களுக்குப் பதற்றம் ஏறும்போது நான் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். தூங்குகிறவன் அதிகம் வாங்குவான் என்பது அவர்கள் கணக்கு. காலையில் விரல் விறைத்து அறைக்கு வருவேன். எல்லாரும் போயிருப்பார்கள். என் மேசையில் வெந்நீர்க் குடுவை நிரம்பி மூடியிருக்கும். வென்போ நிரப்பி வைத்தது. ஒன்றரை வருடம், ஒரு நாள் தவறாமல். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ எங்க பயத்தை வாங்கிக்கிற. தண்ணியாவது வைக்க வேண்டாமா?" என்றான்.

குடித்துவிட்டுப் படுப்பேன். தூக்கத்தில் மாடிப்படிகள் பாதியில் நின்றுவிடும். கேள்வித்தாளில் எழுத்துகள் இருக்காது. எங்கோ ஒரு வகுப்பில் யாரையோ எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு புரண்டு படுப்பேன். அது என்னுடையதில்லை என்பதால் எதுவும் உறைக்காது. நான் பார்த்ததிலேயே சுலபமான வேலை அது.

*

வியாழக்கிழமை மட்டும் மூன்று மணிக்கு எழுந்துவிடுவேன். அம்மா கூப்பிடுவாள்.

அம்மாவுக்கு மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீசில் வேலை. முந்திரிக்கொட்டை உடைப்பது. பன்னிரண்டரைக்குச் சோற்றுக்கு விடுவார்கள். அங்கே பன்னிரண்டரை என்றால் எனக்கு மூன்று. மற்ற நாளெல்லாம் எனக்கு வார்டு என்று சொல்லி வைத்திருந்தேன். நான் இன்னும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், அவள் கணக்கில்.

"மக்களே, சாப்பிட்டியாடே?"

"சாப்பிட்டேம்மா."

"அங்கன குளிரு எப்படி? காதை மூடு. இன்னா, தங்கபாய்க்க கிட்ட குடுக்கேன், அவளுக்கு ஒரு காரியம் கேக்கணுமாம்."

பிறகு வரிசை. தங்கபாய்க்கு இடது கை மரத்துப் போகிறது. ரோசம்மாவுக்குக் கொட்டை எண்ணெய் பட்டு விரலிடுக்கு வெந்து ஆறவே இல்லை. யாரோ ஒருத்தியின் மருமகளுக்கு மூன்று மாதமாக மாதக்குளி வரவில்லை. எல்லாரும் என்னை டாக்டரே என்பார்கள். எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வேன். அதை அவர்கள் பணிவு என்று நினைத்தார்கள். பின்னணியில் அம்மா, "எம்மவன் அவசரப்பட்டு மருந்து எழுதமாட்டான்" என்று பெருமையடிப்பது கேட்கும்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. பழகிவிட்டது. கைவந்த பொய் தானாக ஓடும், பார்சல் கூடத்தில் பெட்டிகளை நகர்த்தும் பட்டை மாதிரி.

அந்த செப்டம்பரில் அம்மா புதிதாக ஒன்றைச் சொன்னாள். "ஆறாம் வருசம் தொடங்கியாச்சுல்லா? பட்டம் குடுக்கிற அன்னைக்கு நானும் வாறேன். தங்கபாய்க்கிட்ட சொல்லியாச்சு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடணும்."

"இங்க பெத்தவங்களை எல்லாம் கூப்பிட மாட்டாங்கம்மா."

"கூப்பிடாட்டி என்னடே, வெளிய நின்னு பாக்குறேன்."

அப்போது வந்தது. அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல. அறையின் வெப்பக்குழாய் கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கு முதுகு வேர்த்தது. நான்கைந்து நிமிடம் நின்று, மெல்ல இறங்கியது. அதற்குள் போனில் அறைக் குரூப் துடிக்க ஆரம்பித்திருந்தது.

லேய்: "யாருடா இது? செத்தேன்!"

குவோ: "யாரு?"

நூலகத்துக்காரர்கள்: "நாங்க இல்ல."

வென்போவிடமிருந்து பதில் இல்லை. அந்த வாரம்தான் அவனுடைய மாதிரித் தேர்வுகள் தொடங்கியிருந்தன. வாராவாரம் வியாழக்கிழமை, மூன்று மணி. போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்தரைக்கு அவன் எழுதினான்: "எனக்கும் வந்துச்சு. நானாத்தான் இருக்கும். மன்னிச்சுக்குங்க."

பாவம், பரீட்சைக்காரன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். கையில் கிடைத்த பார்சல் சீட்டின் பின்புறம் குறித்து வைத்தேன்: வியாழன், 3.05. ஏதாவது தவறினால் என் மேல் பழி வரக்கூடாது. தோற்றவனுக்கு வரும் பழக்கம் இது.

அடுத்த வியாழன் 3.10. அதற்கடுத்து 3.04. அக்டோபர் முழுவதும் தப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடப் பெரிது.

*

நவம்பர் இரண்டாம் வாரத்தோடு 417இன் விளக்கு மஞ்சளாகி மூன்று வாரம் ஆயிற்று. கதவுக்கு மேல் ஒரு பெட்டி, அதில் ஒரு விளக்கு. அறையின் சராசரி எல்லையைத் தாண்டினால் மஞ்சள். மூன்று வாரம் மஞ்சள் நின்றால் நடவடிக்கை.

எங்கள் பொறுப்பு ஆசிரியை மெங் டீச்சர் என்னையும் குவோவையும் கூப்பிட்டார். அவர் பொறுப்பில் இருநூற்றுப் பத்து மாணவர்கள். மேசை மேல் மூன்று போன். அவர் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது. ஆசிரியர்களுக்குத் தனிக் கயிறு.

"ஒரு பேர் வேணும்" என்றார்.

குவோ, "டீச்சர், பெட்டியிலேயே தெரியாதா, யார்கிட்டேருந்து வருதுன்னு?" என்றான்.

"தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. யார்னு தெரிஞ்சா அவனை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்ப்பீங்க. அது அவன் மனசைப் பாதிக்கும்."

"இப்ப நாங்களே பேர் சொன்னா?"

"அது அறையே சேர்ந்து எடுத்த முடிவு. வேற." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இதோ பாருங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் வரலைன்னா அறையைக் கலைச்சிடுவாங்க. ஆளுக்கு ஒரு புது அறை, புதுக் கயிறு. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. எனக்கு மட்டும் பிடிச்சா சொல்றேன்?"

"பேர் குடுத்தா அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் வீட்ல ஓய்வு. தண்டனை இல்ல. அக்கறை."

"இந்த வருஷத் தேர்வு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இதைக் கேட்க வேண்டிய ஆள் இல்லை என்பது போல. "ஓய்வுல இருக்கிறவங்க எப்படி எழுதுவாங்க?"

அன்று மதியம் ஆறு பேரும் அறையில் உட்கார்ந்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் ஒரே அளவு பயமாக இருந்தது. அளவு மாறாமல் இருப்பதுதான் ஏற்பாடு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"நான் எழுத மாட்டேன்" என்றான் குவோ. படிவம் அவன் மடியில் இருந்தது. "லாவ்-லியூ, நீ சொல்லு. நீ மட்டும்தான் இதுல வெளியாள். உனக்கு இழக்க ஒண்ணும் இல்ல."

"ஆமா, நடுவரு" என்றான் லேய். கிண்டலாகச் சொல்ல முயன்றான். குரல் வரவில்லை.

நான் எழுந்து என் மேசை இழுப்பறையிலிருந்து பார்சல் சீட்டுகளை எடுத்தேன். ஒன்பது சீட்டு. தரையில் வரிசையாக வைத்தேன். வியாழன் மூன்று ஐந்து. வியாழன் மூன்று பத்து. நான் பெயர் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

வென்போ குனிந்து ஒவ்வொரு சீட்டையும் படித்தான். கணக்கைச் சரிபார்ப்பது போல விரல் வைத்துப் படித்தான்.

"கேள்வித்தாளைத் திருப்பச் சொல்ற நேரம்" என்றான். "வயிறு பிழியும். நான் நல்லாத்தான் எழுதுறேன்னு நெனச்சேன். மார்க்கும் நல்லாத்தான் வருது. ஆனா உள்ள இவ்வளவு பயம் இருந்திருக்கு, எனக்கே தெரியல." குவோவிடம் கையை நீட்டினான். "குடு. நீ எழுத வேண்டாம். நானே எழுதுறேன்."

பெயரைக் கட்டத்துக்குள் அடங்குமாறு நிதானமாக எழுதினான். பிறகு எங்கள் ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் இரண்டு முறை. நான்தான் அதிகம் வாங்கியிருப்பேனாம்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் போனான். நான் வேலை முடிந்து வந்தபோது கீழ்க்கட்டிலில் மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. மேசையில் வெந்நீர்க் குடுவை. நிரம்பியிருந்தது.

*

அந்த வாரம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"மக்களே, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. போலீஸ்காரன் வீட்டுக்கு வந்து விசாரிச்சிட்டுப் போனான். எம்மவன் டாக்டருக்குப் படிக்கான்னு சொன்னேன். அவனுக்கும் முட்டுவலி, நம்பர் கேட்டான்."

வயிறு பிழிந்தது.

நான் கீழே பார்த்தேன். காலிக் கட்டில். சுருட்டிய மெத்தை. வென்போவின் வில்லையைத் திங்கட்கிழமையே கழற்றி உறையில் போட்டு ஒப்படைத்துவிட்டார்கள்.

போன் துடித்தது. லேய்: "என்னடா இது, இன்னும் வருது?" குவோ: "பழைய மிச்சமா இருக்கும். வில்லை பழகியிருக்கும்ல. ரெண்டு வாரத்துல போயிடும்."

"லைன்ல இருக்கியாடே?" என்றாள் அம்மா.

ஒரு வாரம் யோசிக்க வேண்டிய விஷயமில்லை அது. ஆனாலும் ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த வியாழன் இரண்டே முக்காலுக்கு, கண்ணாடி முன் நின்று வில்லையைப் பிய்த்து எடுத்தேன். கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. ஒன்றும் ஆகவில்லை. கல்லுதானே என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

மூன்று மணிக்குப் போன் ஒலித்தது. திரையில் அம்மா என்று வந்தது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல வரவில்லை. கை நடுங்கியதில் போன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. ஊர்ந்து போய் எடுத்தேன். "மக்களே" என்று அவள் சொன்னதும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தக் கடிதத்தைப் படித்தபோது வர வேண்டியது, விமானம் ஏறாத நாளில் வர வேண்டியது, ஒவ்வொரு வியாழனும் வர வேண்டியது, எல்லாம் வரிசையில் நின்றிருந்தது போல. "டாக்டர் மோனே, எனக்க கை" என்று தங்கபாய் ஆரம்பித்தாள். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி ஒலித்தது. துண்டித்தேன். கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்பே இரண்டாவது வாந்தியைக் கொண்டுவந்தது.

அப்படியானால் இதில் ஆறில் ஒரு பங்கைத்தான் இவ்வளவு நாள் நான் வாங்கியிருக்கிறேன். அதைக் கல் என்று நினைத்திருக்கிறேன்.

நாலு மணிக்குக் குரூப்பைத் திறந்தேன். லேய் ஒரு பட்டாசுப் படம் போட்டிருந்தான். "இன்னைக்கு வரல! மூணு மணிக்குச் சுத்தமா ஒண்ணும் இல்ல!" குவோ எழுதியிருந்தான்: "பார்த்தீங்களா. கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா சரியான முடிவு."

*

மெங் டீச்சரிடம் போனேன். வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, அண்டியாபீஸ், மூன்று மணி.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு கையேட்டை எடுத்துப் புரட்டினார். "கழற்றினா நடுக்கம், வாந்தி, காரணமில்லாத குற்றவுணர்ச்சி. முப்பத்திரண்டாம் பக்கம். அதனாலதான் நீங்களாக் கழற்றக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"டீச்சர், காரணம் இருக்கு. வென்போ இல்ல. நான்."

"ஆறாம் கட்டில்ல இருந்து வராது."

"வருது."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலைத் தணித்தார். "இந்த வளாகத்துல முன்னூத்தி நாப்பது அறை. முன்னூத்தி நாப்பது ஆறாம் கட்டில். எல்லாரும் உன்னை மாதிரித் தோத்தவங்க, எங்கயும் போக இடமில்லாதவங்க. அவங்கள்ல ஒருத்தன்கிட்டேருந்து வந்தா எல்லார்கிட்டேருந்தும் வரலாம். இதுவரை எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்னு தெரியுமா உனக்கு? நான் கையெழுத்துப் போட்டதே பத்தொன்பது." நிறுத்தினார். அவர் காதோரம் தோல் சிவந்திருந்தது. "இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ சொல்லு."

"வென்போவைத் திரும்பக் கூப்பிடலாமே?"

"தேர்வுச் சீட்டை ரத்து பண்ணியாச்சு. கோப்பு மூடியாச்சு." என் கையிலிருந்த வில்லையைக் காட்டினார். "ஒட்டிக்க. ரெண்டு நாள் வேலைக்குப் போகாம தூங்கு. இல்ல, உண்மையிலேயே நீதான்னு எழுதிக் குடுக்கிறதுன்னா படிவம் தரேன். உன் விசா அன்னைக்கே முடியும். வென்போ திரும்பி வர மாட்டான். எது வேணும்?"

படிவத்தை மேசை மேல் வைத்தார். ஒரே பக்கம். பெயருக்கு ஒரு கட்டம். விமான நிலையத்தில் அம்மா நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

மாடிப்படியிலேயே ஒட்டிக்கொண்டேன். மூன்று நொடியில் பதற்றம் இறங்கியது. நாலு பேருக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை வென்போவைக் கூப்பிட்டேன். வெள்ளரிக் கொட்டகைக்குள் இருந்தான். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முகம் சதை பிடித்திருந்தது.

"லாவ்-லியூ! தண்ணி யார் வைக்கிறா?"

"நானே வைக்கிறேன். நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். நெஜமா. வியாழக்கிழமை மூணு மணிக்கு ஒண்ணுமே வரல. முதல் வாரம் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மணி ஆச்சு, போச்சு. அம்மா அழுதுட்டாங்க, சந்தோஷத்துல. அந்தப் பரீட்சைதான் வியாதிங்கிறாங்க."

"வென்போ, கேளு. அது நீ இல்ல. நான்."

அவன் சிரித்தான். கேலியாக இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீ நல்லவன். எனக்காக இப்படிச் சொல்லுவன்னு நெனச்சேன்."

"பொய் இல்லடா. மூணு மணிக்கு எங்க அம்மா கூப்பிடுவாங்க. நான் அவங்ககிட்ட..."

"ஆறாமவனுக்குப் பயம் இருந்தா அவனை ஏன் ஆறாமவனா வைக்கப் போறாங்க?" ஒரு கொடியைச் சரிசெய்து கயிற்றில் சுற்றினான். "விடு. புத்தகமெல்லாம் அம்மா கட்டிப் பரண்ல போட்டுட்டாங்க. எனக்கும் அதைப் பார்த்தா இப்ப வயிறு பிழியுது."

"அது உன் பயம் இல்ல, வென்போ."

"என் உடம்புலதானே வந்துச்சு?" என்றான். "அப்புறம் வேற யாரோடது?"

அடுத்த வருடமாவது எழுது என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. வெள்ளரி இந்த வருடம் நல்ல விளைச்சல் என்றான்.

*

டிசம்பர் முதல் வாரம் ஐந்தாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்தான். யூ ஹாங். இரண்டாம் ஆண்டு. யாரையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டான். சாமானை வைக்க இடம் கேட்கவே அரைமணி நேரம் நின்றான். முதல் நாளே லேய் அவனுக்கு அறையின் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மேல தூங்குறானே, அவன் கல்லு. உனக்கு என்ன வந்தாலும் அவன் வாங்கிக்குவான். நீ ஜாலியா இரு."

"நன்றி, அண்ணா" என்று யூ ஹாங் மேலே பார்த்துச் சொன்னான். நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. மூன்று மணி. ஒட்டியிருந்தேன். கழற்றிவிட்டு அவளிடம் பேச என்னால் முடியாது. அது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"மக்களே, பாஸ்போர்ட்டு வந்தாச்சு!" என்றாள் அம்மா. "கறுத்த நீலம். எம் படம் நல்லாவே இல்ல. ஜூன் மாசம்தானே? அண்டியாபீசுல இப்பமே லீவு சொல்லி வச்சாச்சு."

வயிறு பிழிந்தது. பெரிதாக. இதுவரை வந்ததிலேயே பெரிதாக. நான்கைந்து கட்டடம் தள்ளி ஐந்து பேர் அதே நொடியில் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

லேய்: "டேய்!! யாரு?"

குவோ: "யாரு? மறுபடியுமா? யாரு?"

போனைக் காதிலிருந்து எடுத்து, குரூப்பில் 'நான்' என்று அடித்தேன். சீனத்தில் அது ஒரே எழுத்து. அனுப்ப ஒரு விரல் போதும். விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்திருந்தேன். கதவுக்கு மேல் விளக்கு மஞ்சளாகியது.

திரையில் ஒரு புதுப் பெயர் வந்தது.

யூ ஹாங்: "மன்னிச்சுக்குங்க, அண்ணன்மாரே. நான்னு நெனைக்கிறேன். இங்கிலீஷ் வகுப்புல எழுந்து படிக்கச் சொன்னாங்க. இனிமே கவனமா இருக்கேன்."

அடித்து வைத்திருந்ததை அழித்தேன்.

"லைன்ல இருக்கியா, டாக்டரே?" என்றாள் அம்மா, விளையாட்டாக.

"இருக்கேம்மா" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.